தீவில் இரண்டு சம்பந்திகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆசை எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில். எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும் என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். சலவைக்கூடம் தரைக்கு அடியில் இருப்பதால் எனக்குத் தெரிவது குழாய்களும் டியூப் லைட்டும்தான். கடல் என்னிடம் மணலாக மட்டும் வந்து சேரும். விருந்தாளிகளின் துண்டை உதறினால் கொட்டும், மெஷினின் வடிகட்டியைக் கழற்றினால் கையளவு கிடக்கும். அதைக் குப்பையில் தட்டும்போதெல்லாம், இதன் மேல் ஓடியாடிவிட்டு வந்தவர்கள் மேல் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் என் மகன் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஃபோனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினான். ஆளில்லாத தீவில் இரண்டு ராத்திரி. கூரை நாமே கட்ட வேண்டும், நெருப்பு நாமே மூட்ட வேண்டும். முன்பின் பழக்கமில்லாதவர்களும் தைரியமாக வரலாம் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும் மருமகளும் முன்பே பெயர் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்து, டாக்டர் படகுப் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு இடம் சும்மா கிடக்கு. யாருக்காவது குடுத்துடலாம்" என்றான்.

நான் போகிறேன் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பாட்டியாகப் போகிற நேரத்தில் தீவுக்கா என்று சிரிப்பார்களோ என்று பயந்து, அதை அங்கேயே திருப்பிவிட்டு வேறு ஒன்றைச் சொன்னேன். "உங்க அத்தை பாவம், எங்கயுமே போனதில்ல. அவங்களுக்கு ஆசையிருந்தா நான் துணைக்குப் போறேன்."

அவன் உடனே மாமியாருக்கு ஃபோன் போட்டான். பேசி முடித்துவிட்டு வந்து, "அத்தை சரின்னுட்டாங்க. உங்களுக்கு ஆசையா இருந்தா துணைக்கு வராங்களாம்" என்றான்.

போச்சு, என்று நினைத்தேன். எனக்காக அந்த அம்மா தியாகம் பண்ணக் கிளம்பிவிட்டார். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு ஆசை.

சம்பந்தி என்பது ஒரு விநோதமான உறவு. சொந்தம்தான், ஆனால் தும்மல் வந்தால்கூட யோசித்துத்தான் தும்ம வேண்டும். நான் ஒன்று சொல்லி அவர் மனசு நொந்தால் அது என் மகன் தலையில் விடியும். அவர் ஒன்று சொல்லி நான் முகம் சுளித்தால் அவருடைய மகள் தலையில் விடியும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் சந்தித்தால் சர்க்கரைப் பாகு ஒழுகும். ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தவரிடம் ஃபேன் போடட்டுமா என்று கேட்டேன். உங்க இஷ்டம் என்றார். உங்களுக்கு வேணும்னா போடறேன் என்றேன். உங்களுக்கு வேணும்னா போடுங்க என்றார். கடைசிவரை போடாமல் இரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டே குழந்தைகளின் கல்யாண ஃபோட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போதாக்குறைக்கு அவருக்கு வேலை பஸ் நிலையத்தில், மைக்கில் அறிவிப்பு சொல்வது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று நாள் முழுக்கப் பேசிப்பேசி, சொந்தக் குரலே அப்படி ஆகிவிட்டது. பஸ் கிளம்புகிறது என்பதையும் பஸ் ரத்து என்பதையும் ஒரே இனிமையோடு சொல்லக்கூடியவர். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஆண்டவனால்கூட முடியாது.

படகு கிளம்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தில் தண்ணீர் வாரி அடித்தது. வாயெல்லாம் உப்பு. எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நானும் அடக்கமாக உட்கார்ந்தேன். எங்களைத் தவிர ஒரு பல் டாக்டரும் அவருடைய மச்சானும் வந்திருந்தார்கள். வீடியோவில் சிரித்த அந்தப் பெண்தான் எல்லாவற்றுக்கும் தலைவி. எல்லோரும் அவளைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள்.

கேப்டன் ஆளுக்கு ஒரு கத்தி கொடுத்தாள். ஜோடிக்கு ஒரு தார்ப்பாய், கயிறு, ஒரு பானை, குடிக்கத் தண்ணீர், உரசினால் பொறி பறக்கும் ஒரு இரும்புக் குச்சி. கடைசியாக ஆளுக்கு ஓர் ஆரஞ்சுத் துணி.

"இதுதான் கொடி. முடியலைன்னா மேல கட்டி விடுங்க, வந்து கூட்டிட்டுப் போயிடுவோம். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். ஒரே இடத்துல ரெண்டு கொடி பறந்தா யாருக்கோ அடிபட்டிருக்குன்னு அர்த்தம். மருந்துப் பெட்டியோட ஓடி வருவோம்."

பல் டாக்டர் ஜோடிக்குப் பாறைக்கு அந்தப் பக்கம் இடம் ஒதுக்கினார்கள். எங்களுக்கு இந்தப் பக்கம். படகும் கேப்டனும் தீவின் முனையில் இருப்பார்கள், தானாக வர மாட்டார்கள். அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் நான் செருப்பைக் கழற்றி வீசினேன். கணுக்கால் வரை மணல் புதைந்தது. குப்பையில் தட்ட வேண்டிய அவசியம் இல்லாத மணல்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு ராத்திரியும் இங்கேதான் இருக்கப்போகிறேன், இடி விழுந்தாலும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

முதல் வேலை நெருப்பு. காய்ந்த தேங்காய் நாரைப் பிரித்துப் பஞ்சுபோல் வைத்தோம். இரும்புக் குச்சியைக் கண்டதும் என் கை துறுதுறுத்தது.

"நீங்க பத்த வைங்க சம்பந்தி" என்றேன்.

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க பத்த வைங்க."

"பரவாயில்ல, நீங்கதான் முதல்ல."

"அதெப்படி? நீங்கதான்."

இப்படியே போய், கடைசியில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குச்சியைப் பானைக்குள் போட்டு மூடிவிட்டோம்.

அடுத்தது கூரை. அதில் நான் யாரையும் கேட்கவில்லை. துணியை விரித்துக் கட்டுவது என் பிழைப்பு. நாலு மரத்தில் கயிற்றைக் கட்டி, தார்ப்பாயை இழுத்து, ஓரத்தை மடித்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் நிமிர்த்தினேன். ஹோட்டல் மெத்தை விரிப்பு தோற்றுவிடும். மேலே ஒரு காசைப் போட்டால் துள்ளும்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் சம்பந்தியம்மா. எனக்கு உச்சி குளிர்ந்தது.

கூரை சரிவாக இருக்க வேண்டும் என்று கேப்டன் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் சாய்ந்த விரிப்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் கூரைக்கு அடியில் உட்கார்ந்தோம். தண்ணீர் வழிந்தோட வழியில்லாமல் நடுவில் சேர்ந்தது. தார்ப்பாய் மெல்ல மெல்லத் தொந்தி போட்டது. தொந்தி நேராகச் சம்பந்தியம்மா தலைக்கு மேலே.

அவர் அண்ணாந்து பார்த்தார். "கொஞ்சம் தொங்குதோ?" என்றார்.

"நகர்ந்து உக்காருங்களேன்."

"இல்ல, இல்ல. நல்லாத்தான் இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, கயிறு அறுந்தது. அவ்வளவு தண்ணீரும் மொத்தமாக அவர் தலையில் கொட்டியது. மிச்சம் என் மேல். நெருப்புக்கு வைத்திருந்த நாரில் பாதி அடித்துக்கொண்டு போனது. எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை முறைத்தேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகல சம்பந்தி. குளிச்ச மாதிரி இருக்கு" என்று அதே அறிவிப்புக் குரலில் சொன்னார். பிறகு எழுந்துபோய்க் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது.

அழுகிறார்! எனக்குத் துணையாக வந்த பாவத்துக்கு, வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டிய மனுஷி நனைந்த கோழிபோல நின்று அழுகிறார். போகலாம் என்று அவர் வாயால் சொல்லவே மாட்டார். சாகிறவரை சொல்ல மாட்டார். நான்தான் செய்ய வேண்டும்.

ஆரஞ்சுத் துணியை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தேன். ஒவ்வொரு அடியும் கனத்தது. மழை விட்டு, கடல் மேல் மஞ்சள் வெயில் அடித்தது. அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரியாவது கொடுக்கக் கூடாதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பாறை இடுக்கில் ஒரு கம்பைச் செருகி, கொடியைக் கட்டினேன். எரிச்சலில் முடிச்சை நாலு தடவை போட்டேன்.

திரும்பி வந்தால் எங்கள் கூரை மரத்தில் இன்னொரு கொடி பறந்துகொண்டிருக்கிறது. அடியில் சம்பந்தியம்மா நிற்கிறார்.

"எதுக்குக் கட்டுனீங்க?" என்றேன்.

"உங்களுக்காகத்தான்" என்றார். அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் பாறை மேல் போனது. "நீங்க எதுக்குக் கட்டுனீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் படகு சீறிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கொடி அல்லவா? கேப்டன் மருந்துப் பெட்டியோடு தண்ணீரில் குதித்து ஓடி வந்தாள். "யாருக்கு அடி? எங்க?" என்று எங்கள் கை காலெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"அடியெல்லாம் இல்லம்மா" என்றேன். அசடு வழிந்தது. "இவங்க அழுதாங்க. அதான்."

"நான் எங்க அழுதேன்? சிரிச்சேன்!" என்றார் சம்பந்தியம்மா. "அவ்வளவு தண்ணி தலையில கொட்டினா சிரிப்பு வராதா? உங்க முன்னாடி சிரிச்சா நல்லா இருக்காதேன்னு திரும்பி நின்னேன். நீங்கதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க. பாவம், வீட்டுக்குப் போகணும்போல, எனக்காகச் சொல்லாம இருக்காங்கன்னு நெனச்சேன்."

கேப்டன் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "சரி. இருட்டிட்டா இந்தப் பாறைக்கு நடுவுல படகு வராது. போறவங்க இப்பவே ஏறணும். என்ன பண்றீங்க?"

"அவங்க இஷ்டம்" என்றேன்.

"அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படி" என்றார் அவர்.

"நீங்க சொல்லுங்க சம்பந்தி."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"ஐயோ!" என்று கத்தினாள் கேப்டன். "அவங்களுக்கு என்ன வேணும்னு நான் கேக்கல. உங்களுக்கு என்ன வேணும்?"

விரல் என்னைத்தான் காட்டியது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. படகுக்காரர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். இன்னும் ஒரு நிமிஷம் மரியாதையாக நின்றால் என்னை நானே கையைப் பிடித்து அந்தப் படகில் ஏற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மகன் முகம் கண் முன்னால் வந்தது. மருமகள் முகம் வந்தது. வரட்டும்.

"நான் இருக்கேன்" என்றேன். "எனக்கு இங்க இருக்கணும். ஆரம்பத்துலேர்ந்தே எனக்குத்தான் ஆசை, துணைக்கு வரேன்னு சொன்னதெல்லாம் பொய். நீங்க வேணும்னா போங்க சம்பந்தி, நான் வரல."

சம்பந்தியைப் பார்த்து யாராவது போங்க என்று சொல்வார்களா? சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மா நேரே மரத்துக்குப் போனார். கட்டியிருந்த கொடியை ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

"நானும் போகல" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கனிவும் இல்லை, இனிமையும் இல்லை, நல்ல கரகரப்பு. "பஸ்ஸு கிளம்புது கிளம்புதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியே என் காலம் போச்சு. நான் கிளம்புனது இதான் முதல் தடவை. திரும்பிப் போவேனா? ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்தக் கூரையை இனிமே நீங்க தொடக் கூடாது. அது கூரையா? தண்ணித் தொட்டி!"

பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் குறை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"தண்ணித் தொட்டியா? அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? அழகா இருக்குன்னு சொன்னது யாரு?"

"அழகாத்தான் இருந்தது! தண்ணி தேங்கும்னும் தெரிஞ்சுது! சம்பந்தியாச்சேன்னு சும்மா இருந்தேன்!"

"அப்ப பிடிங்க அந்தப் பக்கத்தை! எங்க, நீங்க கட்டிக் காட்டுங்க பாப்போம்!"

கேப்டன் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தம் காட்டாமல் படகில் ஏறிவிட்டாள். நாங்கள் தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். மேலே தூக்குங்க, கீழே விடுங்க, இதுகூடத் தெரியாதா, உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ என்று கத்திய கத்தலில் பறவையெல்லாம் மரத்தை விட்டுக் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் பாறையைச் சுற்றிக்கொண்டு பல் டாக்டரும் மச்சானும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"என்னங்க, சண்டையா?" என்று பதறினார் டாக்டர்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மண், தலைமுடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. இந்தத் தடவை அவர் திரும்பிக்கொள்ளாமல், என் முகத்துக்கு நேராகவே சிரித்தார்.

"சண்டைதான்" என்றேன் டாக்டரிடம். "நீங்க போங்க, எங்களுக்கு இன்னும் முடியல."