ஏப்ரலில் தாராளமாகக் கிளம்பலாம்

1

இந்தக் கதை ஒரு சிவப்பு முத்திரையிலிருந்து பிறந்தது என்று தொடங்கினால் அழகாக இருக்கும். உண்மையில் ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. 'அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான மோட்டார்ஹோம். வயது பத்தொன்பது. இடப்பக்க ஸ்டியரிங். நேரில் வந்து பார்க்கவும். தரகர்கள் வேண்டாம்.' சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இதில் ஓட்டுபவரே சமைத்து, ஓட்டுபவரே படுத்துத் தூங்க வேண்டும்.

விலை குறைவு. ஏன் குறைவு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டில் எழுத இடமில்லை என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சக்கரம் வைத்த ஓர் அறை கிடைத்தால் நாவலை முடித்துவிடுவேனாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, நான் குடியிருக்கும் கியோத்தோவில் அதை நிறுத்த இடம் வாடகைக்கு எடுத்துவிட்டேன். பெண் பார்க்கப் போகுமுன் கல்யாண மண்டபம் பிடித்த ஆள் என்று என்னைத் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிக்க வாய்ப்பு குறைவு.

2

தொடக்கங்கள்:

பிவா ஏரியின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த பிப்ரவரிக் காலையில்

(விட்டுவிட்டேன். ஏரி இந்தக் கதையில் எதுவும் செய்யவில்லை.)

தன்னுடையதல்லாத ஒன்றை ஒரு மனிதர் விற்கும்போது, வானமும்

(இது நீதிக்கதை. விற்றவர் மாட்டிக்கொள்கிறார், வாங்கியவன் நழுவிவிடுகிறான். வாங்கியவன் நான்.)

குவாபரா தொகுஜி ரப்பர் பூட்ஸும் கையில் துடைப்பமுமாக வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

இது இருக்கட்டும். துடைப்பம் உண்மை. எழுபத்து நான்கு வயது மனிதர், நான் வருவதற்குள் வண்டிக் கூரையின் பனியைத் தள்ளிவிட்டு, உள்ளே நுழைய எனக்கென்று ஒரு ஜோடி செருப்பும் எடுத்து வைத்திருந்தார். அவர் ஊரான தகாஷிமாவில் அந்த வாரம் முழங்கால் அளவு பனி.

"தூரத்துலருந்து வந்திருக்கீங்க. முதல்ல டீ குடிங்க" என்று கோட்டுப் பைக்குள் சூடாக வைத்திருந்த டப்பாவை நீட்டினார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். முட்டி டேஷ்போர்டில் இடித்தது. இருக்கை அவ்வளவு முன்னால் தள்ளியிருந்தது. மேலே இரண்டு குஷன் வேறு. தொகுஜி என்னைவிட உயரம்.

"ஓட்டுறது நீங்க இல்லையா?"

"எனக்கு லைசென்ஸே கிடையாது. அவதான் ஓட்டுவா. ஸ்டியரிங் இந்தப் பக்கம் இருக்கறதால பார்க்கிங் கேட்ல மெஷினு என் பக்கம் வரும். பதினோரு வருஷமா கையை நீட்டிச் சீட்டு எடுக்கறதுதான் என் உத்தியோகம்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பத்திரத்தை நீட்டினார். உரிமையாளர்: குவாபரா சுமியே.

"வீட்டம்மா…?"

"ஆஸ்பத்திரியில இருக்கா. இடுப்பெலும்பு. ஜனவரியில விழுந்துட்டா."

"இதை விக்கிறது அவங்களுக்கு…"

நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இங்கே மேலே நான் விட்ட வாக்கியங்களெல்லாம் எழுத்தாளன் விட்டவை. இது கோழை விட்டது.

"முத்திரை இருக்கே" என்றார் தொகுஜி.

முத்திரை இருந்தது. மனைவி பெயரில் பதிவான முத்திரை. அது அவருடையதுதான் என்று நகராட்சி தந்த சான்றிதழும் இருந்தது. முத்திரையைப் பதிந்தபோது தந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் சான்றிதழை யாரிடமும் கொடுப்பார்கள். இந்த ஊரில் ஆள் வந்து நின்று 'நான்தான் நான்' என்றால் செல்லாது. முத்திரை வந்தால் செல்லும். எல்லாக் காகிதமும் சுத்தம். சுத்தமான காகிதத்துக்கு முன்னால் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3

எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். தொகுஜியின் போன் அடித்தது. காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எடுப்பதற்கு முன் உதட்டில் விரல் வைத்து என்னைப் பார்த்தார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

(சுமியே தன் கணவரை 'அப்பா' என்றுதான் கூப்பிட்டார். பிள்ளை இல்லாத வீட்டிலும் சிலர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் அது மகள் பேசுவதுபோல் ஆகிவிடும். அதனால் 'ஏங்க' போட்டிருக்கிறேன்.)

"பனி தள்ளிட்டிருக்கேன்."

"வண்டி மேல?"

"தள்ளியாச்சு."

"ஞாயித்துக்கிழமை, ஞாபகம் இருக்கா? எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விடணும்."

"ஓடுது. கேக்கல உனக்கு?"

"கேக்குது கேக்குது. அடடா, என்ன சமத்து! நல்லா ஓடுதில்ல?" வண்டியைச் சொன்னாரா கணவரைச் சொன்னாரா என்று தெரியவில்லை. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் நான் இருமினேன்.

"யாரது?"

தொகுஜி என்னைப் பார்த்தார். அவருக்குக் கற்பனை வராது என்பதை அந்த முகத்தில் பார்த்தேன். "கேஸ்… கேஸ்காரர்" என்றார்.

"ஞாயித்துக்கிழமையா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். கதையில் ஓட்டை விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதைத் தொழில் பழக்கம் என்பதா, அடுத்தவர் சங்கடத்தைப் பார்த்ததும் உடனே மூடிவிடும் இந்த ஊர் மரியாதை என்பதா, தெரியவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"ஆமாங்கம்மா. பனியில பாதி வீட்டுக்குப் போக முடியல. அதான் லீவு நாள்லயும் சுத்திட்டிருக்கோம்."

"ஐயோ பாவம். பேச்சு இந்தப் பக்கம் மாதிரி இல்லையே?"

"தூரத்து ஊரும்மா."

"அப்ப பனி புதுசா இருக்கும். பாத்துக் கால் வைங்க கேஸ்காரரே. அந்த வண்டிப் படிதான் என்னைத் தள்ளிவிட்டது. வந்ததுதான் வந்தீங்க, வண்டிக்குள்ள ஒரு அடுப்பு இருக்கு. அந்த ரப்பர் குழாயை மட்டும் ஒரு பார்வை பாத்துடுங்களேன். ஏப்ரல் கடைசியில அகிதா போகணும். என் தங்கச்சி இருக்கா அங்க. ரெண்டு வருஷமா இதோ வரேன் அதோ வரேன்னு அவளை ஏமாத்திட்டிருக்கேன். இங்க வலி தாங்காம நடை பழகறதே அதுக்குத்தான். போற வழியில குழாய் வெடிச்சுதுன்னா அசிங்கம்."

குழாயைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? பொய்யை முறையாகச் சொல்ல வேண்டுமே. குழாய் புதுசு. விழுவதற்கு முன் சுமியேவே மாற்றி, தேதி எழுதி ஒட்டியிருக்கிறார்.

"குழாய் நல்லாருக்கும்மா. ஏப்ரல்ல தாராளமா கிளம்பலாம்."

"அப்பாடா!" என்றார் சுமியே. "ஏங்க, அவருக்கு டீ குடுங்க."

எத்தனையோ பாத்திரங்களைப் படைத்திருக்கிறேன். நம்பும்படி இல்லை என்று பத்திரிகை ஆசிரியர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுபேச்சில்லாமல் ஒருவர் நம்பிய பாத்திரம் அந்தக் கேஸ்காரர் ஒருவர்தான்.

4

தொகுஜியை வில்லனாக்கப் பார்த்தேன். பணத்தாசை கொடுத்தேன், ஒட்டவில்லை. வேறொரு பெண்ணைக் கொடுத்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சொன்னதையே எழுதிவிடுகிறேன்.

"அன்னிக்கு அவ விழுந்து நாப்பது நிமிஷம் பனியில கிடந்தா. நான் உள்ள டிவி பாத்துட்டிருந்தேன். காதுல விழல" என்றார். "மறுபடி கிளம்புவா. எங்கயோ மலைமேல நெஞ்சடைச்சுதுன்னா எனக்கு வண்டியைத் திருப்பக்கூடத் தெரியாது. நான் சீட்டு எடுக்கற ஆளு."

"அவங்ககிட்ட இதைச் சொல்லலாமே."

"சொன்னா, பயமா இருந்தா வீட்ல இருங்கம்பா. தனியாப் போயிடுவா."

சொல்லிவிட்டு முத்திரையின் முகத்தை டிஷ்யூவால் துடைத்தார். சிவப்பு மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்தினார். கோணாமல் விழுந்தது. அவர் பயம் நியாயமான பயம். அது என் வேலையைச் சுலபமாக்கியது என்பதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது.

5

முதல் வரைவில் நான் நல்லவன். போனைப் பிடுங்கி, 'அம்மா, நான் கேஸ்காரன் இல்லை, உங்கள் வண்டியை வாங்க வந்தவன்' என்கிறேன். எழுதி முடித்து ஒரு டீ குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது வரைவில் சுமியேவுக்கு மறதி நோய். 'எந்த வண்டி?' என்று கேட்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை. நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக, எண்ணெய் மாற்றும் தேதி உட்பட எல்லாம் நினைவிருக்கும் ஒரு பெண்ணின் மூளையை அரித்துவிட்டேன். மூன்று நாள் அந்த வரைவை வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதில் வண்டியை நான் திருப்பிக் கொடுக்கிறேன். அவர் கிளம்புகிறார். இந்த வண்டிக்குக் கதவு வலப்பக்கம். இங்கே அது ரோட்டைப் பார்த்துத் திறக்கும். இறங்குகிறார், ஒரு லாரி… பார்த்தீர்களா, நான் விற்கவிட்டது சரிதான் என்று நிரூபிக்க, அவரைக் கொல்லவும் தயாராகிவிட்டேன்.

6

ஏப்ரல் நடுவில் தொகுஜி போன் செய்தார். நலம் விசாரிப்பு, மழை விசாரிப்பு, வண்டி எப்படி ஓடுகிறது என்ற விசாரிப்பு. பிறகு:

"புதன்கிழமை சுமியே வீட்டுக்கு வர்றா. கைத்தடி வெச்சு நல்லாவே நடக்கறா. டாக்டரே ஆச்சரியப்பட்டாராம்."

"சந்தோஷம்."

"நான் இன்னும் சொல்லல."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும்… வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்த முடியுமா? டாக்ஸியிலருந்து இறங்கினதும் அது இல்லேன்னா… மறுநாள் நானே உக்கார வெச்சுச் சொல்லிடறேன். சத்தியமா. கேக்கறது தப்புதான்."

தப்பெல்லாம் இல்லை. போக ஒன்றரை மணி நேரம். புதன்கிழமை எனக்கு வேலையும் இல்லை. ஆனால் சுமியேவை நேரில் பார்க்க வேண்டியிருக்கும். என் குரலை அவர் கேட்டிருக்கிறார்.

"யோசிச்சுச் சொல்றேனே" என்றேன்.

இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். நம் ஊரில் மட்டும் வேறா என்ன? பெண் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்?

"சரிங்க. தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார் தொகுஜி. மன்னிப்பை அவர் கேட்டார்.

7

புதன்கிழமை.

சுமியே டாக்ஸியிலிருந்து இறங்கி, கைத்தடியை

சுமியே டாக்ஸியிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே

"ஏங்க, வண்டி எங்க?" என்று அவர்

வண்டி நின்ற இடத்தில் மட்டும் புல் முளைக்காமல், நீளமாக, ஒரு

என்னால் முடியவில்லை. எட்டு மாதமாக இந்த இடத்தில் நிற்கிறேன். அந்த நேரத்தில் நான் எங்கிருந்தேன் என்று மட்டும் தெரியும். வாடகைக்கு எடுத்த இடத்தில், அவருடைய வண்டிக்குள், அவருடைய மேஜையில், நாவலின் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். நாவல் இன்னும் தலைப்பைத் தாண்டவில்லை. அந்த மேஜையில் நான் எழுதி முடித்தது இந்தக் கதை ஒன்றுதான். இதுவும் முடிந்தபாடில்லை.

பிறகு போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. அவர் கணவரை மன்னித்தாரா, ரயிலில் அகிதா போனாரா, கேஸ் ஆபீஸுக்குப் போன் போட்டு 'உங்க ஆள் ஒருத்தர் எனக்கு நல்ல வார்த்தை சொன்னாரே, அவர் பேரென்ன' என்று கேட்டாரா? மூன்றையும் எழுத முடியும். மூன்றும் நம்பும்படி இருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

8

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்படிப்பட்ட கதைகளில் அதுதான் வழக்கம். உங்களில் மனசாட்சி உள்ள யாராவது, யாரையாவது பிடித்து, இதை அந்த அம்மாளிடம் சேர்த்துவிடுவீர்கள். நான் செய்யாததை நீங்கள் செய்வீர்கள்.

முடியாது. அவர் பெயர் சுமியே இல்லை. கணவர் பெயரும் தொகுஜி இல்லை. தகாஷிமாவில் போய்த் தேடாதீர்கள், அந்த ஊரும் இல்லை. தங்கை அகிதாவிலும் இல்லை. அவர்கள் மானத்தைக் காப்பாற்ற மாற்றினேன் என்று சொல்லலாம். பொய். நீங்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்று மாற்றினேன்.

இருபத்தாறு வருஷமாக அவர்கள் மொழியில்தான் பேசுகிறேன், சண்டை போடுகிறேன், கனவுகூட அதில்தான் வருகிறது. என் மூன்று புத்தகங்களும் அந்த மொழியில்தான் வந்தன. இந்த ஒன்றை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன். தாய்மொழிப் பாசம் என்று யாரும் பாராட்டிவிட வேண்டாம்.

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது.