சண்முகநாதன் வளவுக் குள்ளச் சேவல்

அம்பிட்டிய மேட்டில் சண்முகநாதனின் வளவுக்கு மட்டும், அவர் வீட்டுக் குள்ளச் சேவல் கூவிய பிறகுதான் பொழுது விடிந்தது. முட்டை அறுபது ரூபாயைத் தொட்ட வருஷத்தில் இது தொடங்கியது. காலையில் ஊர் முழுக்க வெயில் ஏறியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் சோமா நோனா கொச்சிக்காய் காயப்போட்டுக்கொண்டிருப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் கும்மிருட்டாக இருக்கும், பனி சொட்டும், வௌவால் பறக்கும். ஒன்பது மணி வாக்கில் சேவல் கூவும். உடனே வெளிச்சம் வந்து முற்றத்தில் நிற்கும். மற்ற வீடுகளில் கிடைக்கும் அதே சாதாரண வெளிச்சம்தான். கிராம சேவகர் வந்து ஒரு காலை வெயிலிலும் மறு காலை இருட்டிலும் வைத்துப் பார்த்தார். இது எல்லைத் தகராறு இல்லை, ஆகவே தன் வேலையும் இல்லை என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். கரண்டு மீட்டர் பார்க்க வருபவர் டோர்ச்சோடு வரப் பழகிக்கொண்டார்.

சண்முகநாதன் ஓர் அரச காரியாலயத்தில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வேறு வேலை இல்லாததால் தலைவரானார். முதியோர் கலை கலாசார ஆன்மீக மேம்பாட்டு மன்றத்தைத் தொடங்கியவரும் அவர், தலைவரும் அவர். இம்முறை யாருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று மன்றம் வருஷா வருஷம் தீர ஆராயும்போது கடைசியில் அகப்படுபவரும் அவர். வந்த பொன்னாடைகளை மனைவி இரத்தினம்மா ஜன்னலுக்கு மாட்டினார். மிஞ்சியதைக் கோழி முட்டையிடும் கூடையில் விரித்தார். கோழிகள் பெரிய இனத்தவை. செம்மண் நிறம், தடித்த கால். அவை முற்றத்தில் இறங்கி நடந்தால், மாப்பிள்ளை வீட்டு அம்மாக்கள் கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது போலிருக்கும். குஞ்சு எடுக்கச் சேவல் தேவைப்பட்டபோது, மடவளையிலிருந்து கோழி கொண்டுவந்து விற்கும் நஸீப் இரண்டு சேவல்களைக் காட்டினார். ஒன்று கோழிகளுக்கு ஈடானது, நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. தன் வளவில் தன்னைத் தவிர இன்னொருவர் அப்படி நடப்பதைச் சண்முகநாதனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. மற்றது தூய வெள்ளை, புறாவைவிடக் கொஞ்சம் பெரிது. அதை வாங்கினார்.

"சேர், நான் செல்றத கேளுங்க," என்றார் நஸீப். "சின்னது எண்டு யோசிக்க வாணாம், அதுட வேலய அது பாத்துக்கும். ஆனா இந்தக் கோழியள் லேசுப்பட்டது இல்ல. செவப்பா எதயாச்சும் கண்டா ரெத்தம் எண்டு நெனச்சி கொத்தும். ஒண்டு கொத்தினா எல்லாம் சேந்து கொத்தும். அப்பிடி நடந்தா ஒடனே பிரிச்சி வெச்சிருங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் ஒரு ஆபீஸையே நிர்வாகம் பண்ணுனவனுக்கு நாலு கோழிய நிர்வாகம் பண்ணத் தெரியாதாக்கும்?"

"ஆபீஸ்ல உள்ளவங்க பென்ஷனுக்குப் பயந்து கொத்தாம ஈப்பாங்க சேர். இதுகளுக்குப் பென்ஷன் இல்லயே."

மறுநாளிலிருந்து அந்த வளவு தாமதமாக விடியத் தொடங்கியது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வயிற்றில் ஒரு தானிய மணியாவது விழாமல் சேவல் கூவாது. கோழிகளோ தாங்கள் தின்று முடிக்கும்வரை அதைத் தட்டருகே அண்டவிடுவதில்லை. எட்டிப்பார்த்தால் தலையில் ஒரு கொத்து. அது கூட்டின் மூலையில் சுவரைப் பார்த்து நிற்கும். பெரிய அம்மாக்கள் இருட்டில் சாவகாசமாகத் தின்று, அலகைத் துடைத்து, நகர்ந்த பிறகு மிச்சத்தைப் பொறுக்கிவிட்டுக் கூவும். அதற்குள் வேலிக்கு அப்பால் பாதிக் காலை முடிந்திருக்கும்.

இதனால் வாழ்க்கை மாறியது அவர்களுடைய மகள் சஞ்சீவனிக்கு. அவள் பேராதனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். முப்பத்தாறு வயது, நல்ல உயரம். வந்த வரன்களைச் சண்முகநாதன் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவருக்கு உத்தியோகம் போதாது, ஒருவருக்கு நிறம் போதாது, இன்னொருவருடைய சித்தப்பா சந்தையில் மரக்கறி விற்கிறார். வீடு இருட்டாகவே கிடந்ததால் அவள் தினமும் பிந்தி எழும்பி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் தினமும் பஸ்ஸைத் தவறவிட்டாள். தவறவிட்டவளுக்கு அடுத்த பஸ் எப்போது என்று சொன்னவர் அங்கே டைம்கீப்பராக இருந்த நிரோஷன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். உயரத்தில் அவளுடைய தோளுக்கு வருவார். அவர் விசில் ஊதாமல் அந்தப் பெரிய பஸ்களில் ஒன்றும் அசையாது. சில மாதங்களில் அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அம்பிட்டியவுக்கு வந்து, "ஐயா, உங்க மகளக் கட்டிக்குடுங்க" என்று நேராகக் கேட்டார். சண்முகநாதன் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார்.

நிரோஷன் போனதும் அவர் வெடித்தார். "தோட்டத்து ஆளு! அதுவும் குள்ளன். நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எட்டுமாடி அவனுக்கு?" சண்முகநாதனின் தாத்தாவும், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த அதே கப்பலில், அதே பாயில் படுத்து வந்தவர்தான். ஆனால் அவர் மலை ஏறாமல் டவுனில் கடை போட்டதால் அந்தக் கப்பல் குடும்பத்தின் நினைவிலிருந்து நீங்கியிருந்தது.

"நம்ம சேவலுக்குந்தாங்க ஒண்ணும் எட்டாது," என்றார் இரத்தினம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. "அதுக்காக விடியாமயா போச்சு?"

"விடியுது! ஒம்பது மணிக்கு விடியுது! ஊரே சிரிக்குது. நேரத்துக்கு விடியட்டும், அப்ப வந்து பேசு."

இதை அவர் பேச்சுக்குச் சொன்னார். சஞ்சீவனி வாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாள் குட்ஷெட்டில் நிரோஷனிடம் சொன்னாள். அவர் இரண்டு பஸ்களை அனுப்பும்வரை யோசித்தார். "அந்தப் பெரிய உருப்படிகளோட மல்லுக்கட்டி ஆகாது. அது மட்டும் நுழையிற மாதிரி ஒரு வாசல் வைங்க," என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு பழைய மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து, பக்கத்தில் சேவலின் அளவுக்கு ஓட்டை வெட்டி, உள்ளே ஒரு சிரட்டை தீனி வைத்தார்கள். கோழிகள் தலையை நுழைத்துப் பார்த்தன; தோள் நுழையவில்லை. சேவல் உள்ளே போய் வயிறாரத் தின்றுவிட்டு, கூடையின் மேலேறி நின்று கூவியது. மறுநாள் அந்த வளவு ஊரோடு சேர்ந்து விடிந்தது. அதற்கடுத்த வாரம் ஊருக்குச் சற்று முன்னதாகவே விடிந்தது. வெயில் காய்வதற்காக மேட்டுத் தெருக் கிழவர்கள் வந்து மதிலோரம் உட்கார ஆரம்பித்தார்கள்.

பேர் பரவியதும் சண்முகநாதன் மன்றத்தைக் கூட்டினார். தன் வளவில் விடியலை நெறிப்படுத்திய தொண்டுக்காக மன்றம் அவருக்கு 'விடியல் வேந்தர்' என்ற பட்டம் வழங்குவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. பிரேரித்தவர் அவரே. ஒரு வெள்ளிக்கிழமை காலை முற்றத்தில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, மைக் கட்டினார்கள். ஆறு பேர் வாழ்த்துரை நிகழ்த்தினார்கள். ஏழாவதாக அவர் தனக்கு நன்றியுரை சொன்னார். பேச்சு நீண்டு கொண்டே போய், சொல்ல ஒன்றும் இல்லாமற் போன இடத்தில், "உருவத்தில் சிறியோரை நாம் ஒருபோதும் இகழலாகாது!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கும்போது முன்வரிசையிலிருந்து இரத்தினம்மாவின் குரல் கேட்டது.

"அப்ப நிரோஷனுக்கு நம்ம புள்ளையக் குடுக்கிறதா முடிவாங்க?"

சபை இன்னும் பலமாகக் கைதட்டியது. மைக் முன்னால் நிற்பவர் கைதட்டலுக்கு எதிராகப் பேசிய வரலாறு அந்த மன்றத்தில் இல்லை. "ஆகட்டும்," என்றார் சண்முகநாதன். பின்வரிசையில் சஞ்சீவனி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சேவலையும் கௌரவிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மன்றத்தில் ஒரு முறை உண்டு. யாரைக் கௌரவித்தாலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கடைசியில்தான் பொன்னாடை. முறையில் ஒன்று குறைந்தாலும் சண்முகநாதனுக்குப் பொறுக்காது. சேவலை மேசையில் நிறுத்தி, வெள்ளை இறகில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நெற்றி எதுவென்று தெரியாததால் கழுத்திலும் முதுகிலும் அள்ளிக் குங்குமம் வைத்தார். கைக்குட்டையளவு பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். பிறகு மரியாதையோடு தூக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் விட்டுவிட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பந்தலில் அப்பளம் நொறுங்கும் சத்தத்தில் கூட்டுச் சத்தம் கேட்கவில்லை. சஞ்சீவனி கை கழுவப் போனபோதுதான் பார்த்தாள். கோழிகள் வட்டமாக நின்று, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. குங்குமம் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை. பொன்னாடைக்கு ஒரு சேதமும் இல்லை.

அன்று மாலை எல்லா வீடுகளையும் போல அந்த வீட்டுக்கும் இருட்டியது. பிறகு விடியவில்லை. நஸீப் முதலில் காட்டிய பெரிய சேவலைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார். அது மலை அதிரக் கூவியது, ஒன்றும் நடக்கவில்லை. காசு வேண்டாம் என்று சொல்லித் திரும்பக் கொண்டுபோனார். கோழிகள் கம்பை விட்டு இறங்கவில்லை. இருட்டில் கோழி இறங்காது, முட்டையும் இடாது. நிரோஷனின் வீட்டார் நாள் குறிக்கத் தாம்பூலத்தோடு வந்தார்கள். குருக்கள் டோர்ச் வெளிச்சத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு மூடினார்.

"உதயத்துலேருந்துதாங்க நாள் கணக்கு. இந்த வளவுக்கு உதயமே ஆகல. அப்ப இங்க இன்னும் வெள்ளிக்கிழமைதான். அடுத்த முகூர்த்தம் வெளியதான் வரும், இங்க வராது."

"நான் வாக்கு மாறல," என்றார் சண்முகநாதன், கவலையை முகத்தில் வரவழைத்துக்கொண்டு. "பொழுது விடியட்டும், நல்ல நாள் பாத்துச் செஞ்சிருவோம்."

வெளியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தது. உள்ளே வெள்ளிக்கிழமை நீடித்ததால் இரத்தினம்மா மரக்கறி மட்டும் சமைத்தார். சஞ்சீவனி வேலைக்குப் போகும்போது ஒரு நாளில் நடந்தாள், திரும்பி வரும்போது வேறொரு நாளுக்குள் நுழைந்தாள். வெளியே அவளுக்கு முப்பத்தேழு ஆனது. நிரோஷனின் காதோரம் இரண்டு நரை தெரிந்தது. ஒரு நாள் அவள் இருட்டில் தடவி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, "அப்பா, கடைக்குப் போயிட்டு வர்றேன்," என்றாள்.

"இந்த இருட்டுலயா? டோர்ச்ச எடுத்துக்க."

எடுத்துக்கொண்டாள். கேற்றைத் தாண்டியதும் வெயில் கண்ணைக் குத்தியது. திரீவீலோடு நிரோஷன் நின்றிருந்தார். அன்று பகலே கண்டியில் பதிவுத் திருமணம் முடிந்தது. குட்ஷெட்டில் பஸ்காரர்கள் விசில் இல்லாமலே ஹோர்ன் அடித்தார்கள்.

இப்போது அவர்கள் ஹந்தானைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை, வயதுக்கு மீறிய உயரம். மாதத்தில் ஒருமுறை சஞ்சீவனி அதைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வருவாள். இரத்தினம்மா இருட்டிலிருந்து வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேத்தியை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டால், "அவரு பயந்த மனுசன்டி, தனியா இருட்டுல இருக்க மாட்டாரு," என்று சொல்லி, கோப்பி போட உள்ளே போய்விடுவார்.

சண்முகநாதனுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் இன்னும் பட்டம் வாங்கிய நாளில்தான் இருக்கிறார். மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று யாராவது வேலிக்கு அப்பால் நின்று சொன்னால், வெறும் வதந்தி, கடைக்குப் போய் இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை என்பார். ஒரு தகப்பன் அதற்குள் மனம் உடைவது முறையாகாது. சாப்பாட்டு வேளையில் மாத்திரம் கதவைப் பார்த்து, "என்ன, இந்தப் புள்ளைய இன்னும் காணல?" என்று கேட்பார்.

"கியூ நீளமா இருக்கும்ங்க," என்பார் இரத்தினம்மா.

கியூக்கள் நீளமாக இருந்த வருஷங்களைக் கண்டவர் என்பதால் சண்முகநாதன் அதை ஏற்றுக்கொண்டு சாப்பிடத் தொடங்குவார். மூன்றாவது தட்டில் சோற்றைப் போட்டு, எறும்பு ஏறாமல் மூடிவைத்துவிட்டு, இரத்தினம்மா விளக்கைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைப்பார்.