ஆறாம் வகுப்பில் ஓர் ஓலைச்சுவடி

கீழப்பனையூர் நடுநிலைப் பள்ளியில் அந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஓர் ஓலைச்சுவடியைச் சேர்த்தார்கள். அதற்கு வயது ஐந்நூறுக்கு மேல். உடம்பு முழுக்க எழுத்து இருந்தும் அதற்குப் படிக்கத் தெரியாது.

கூட்டிவந்தவர் இரும்புக்கடை திருவம்பலம் அண்ணாச்சி. பட்டுத் துணியில் சுற்றி, மடியில் வைத்து, காரில் கொண்டுவந்தார். பிறந்த தேதி என்ன என்று தலைமையாசிரியர் கேட்டார். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று போடுவது அந்தப் பள்ளியில் வழக்கம். சுவடிக்கும் அப்படியே போட்டுவிட்டு, காப்பாளர் என்ற இடத்தில் அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வகுப்பாசிரியை ஜெபக்கனி டீச்சரிடம் அண்ணாச்சி தனியாகச் சொன்னார்.

"எங்க வம்சத்துப் புராணம் டீச்சர் இது. முப்பாட்டன் யானை மேல வந்து இறங்குனது, ராசா கையால பட்டம் வாங்குனது, அம்புட்டும் இதுல இருக்கு. ஆண்டு விழாவுல அதுவே வாய் தொறந்து வாசிக்கணும். ஊரு கேக்கணும்."

"நீங்க பிரிச்சுப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"சாமி அறையில இருக்கிறத எப்படிப் பிரிக்க? வருசா வருசம் சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வச்சு, பூப்போட்டுத் திருப்பி பீரோவுல வச்சிருவோம். எங்க தாத்தாவும் அப்படித்தான் செஞ்சாரு."

சுவடியும் அதையேதான் நம்பியிருந்தது. இத்தனை சந்தனமும் பூவும் சாதாரண ஓலைக்கு யார் வைப்பார்கள்? முதல் நாளே, பக்கத்தில் உட்கார்ந்த ஆபிரகாம், "ஏல, உம் பேரு என்னல?" என்று கேட்டதற்கு, "என்னை ஏல என்று கூப்பிடக் கூடாது. நான் புராணம்" என்றது.

"ஏ புராணம், கொஞ்சம் தள்ளி உக்காருல" என்றான் ஆபிரகாம்.

ஜெபக்கனி டீச்சர் அதைச் சுடலைவடிவின் பக்கத்தில் மாற்றி உட்காரவைத்தார். சுடலைவடிவு வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. அவளுக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவள் அய்யா என்று கூப்பிடும் அப்பா, மாடு பிடித்து விற்கும் தரகர். அவள் உடுப்பில் எப்போதும் வைக்கோல் வாசம் இருக்கும். சுவடிக்கு அந்த வாசம் பிடித்துப்போயிற்று. ஏன் என்று அதற்கே தெரியவில்லை.

கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார் டீச்சர். ஆடி மாதம் வரை சுவடிக்கு ஒன்றும் ஏறவில்லை. காரணம் எளிது. அதற்குக் கண் கிடையாது. எழுத்தெல்லாம் அதன் மேலேயே கீறியிருந்தது. ஆகவே அதற்கு எழுத்து தெரிய வேண்டுமானால் அது உடம்பில் தெரிய வேண்டும். டீச்சர் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு வேறு வழியில் போனார்.

பனையோலை கொண்டுவரச் சொல்லி, வெந்நீரில் போட்டு அவித்து, நிழலில் காயவைத்து, ஒரே அளவாக நறுக்கி, ஆளுக்கு ஓர் ஏடு செய்தார்கள். அவிக்கிற அன்றைக்குச் சுவடி, வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லி வெளியே வேப்பமரத்தடியில் போய் இருந்தது. டீச்சர் வற்புறுத்தவில்லை. மறுநாள் பிள்ளைகள் எழுத்தாணி பிடித்து அவரவர் பெயரைக் கீறினார்கள். கீறியது கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்ததும் எழுத்து கருப்பாக எழுந்து நின்றது. சுவடிக்கும் தேய்த்துவிட்டார்கள். ஐந்நூறு வருடத்துச் சந்தனம் உரிந்து வந்தது. கூசுகிறது, கூசுகிறது என்று அது நெளிந்தது. பிள்ளைகள் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் முதுகெழுத்து ஆட்டம். ஒரு பிள்ளை திரும்பி உட்கார வேண்டும். இன்னொரு பிள்ளை அதன் முதுகில் விரலால் ஓர் எழுத்து எழுதும். என்ன எழுத்து என்று முதுகுக்காரர் சொல்ல வேண்டும். பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வாசிக்கிறவர்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதுகிலும் அதே விதி. ஆபிரகாம் மட்டும் எல்லா எழுத்துக்கும் புள்ளி வைத்தான். அதுவும் நகத்தால் வைத்தான்.

சுவடிக்கு இந்த ஆட்டம் முதல் நாளே பிடிபட்டுவிட்டது. சுடலைவடிவு அதன் ஏட்டில் கீறியிருந்த எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை மெல்ல ஓட்டுவாள். விரல் போகிற வழி சுவடிக்குத் தெரியும். "க" என்னும். "கா" என்னும். விரல் சொல்லிக்கொடுத்த எழுத்து அவளுக்கும் மறக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்தாற்போலச் சொற்கள் படிக்கத் தொடங்கினார்கள். தன் பெயரை அவள் எப்படி எழுதுவாள் என்று சுவடி கேட்டுத் தெரிந்துகொண்டது. மத்தியானம் அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, இன்றைக்கு என்ன கொழம்பு என்று அதுதான் முதலில் கேட்கும்.

கார்த்திகையில் ஒருநாள் டீச்சர் சொன்னார். "இன்னைக்கு மொதல் ஏட்டை வாசிப்போம். ஏ வடிவு, வெரலை வை."

சுடலைவடிவு விரலை ஓட்டினாள். சுவடி தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தது.

"மாடு... சாணி... போடாது... நின்றால்..."

ஆபிரகாம் பெஞ்சில் ஏறி நின்றான்.

"ஏய், யானை மேல வந்தவரு சாணி போடலையாம்ல!"

வகுப்பே உருண்டு சிரித்தது. டீச்சர் அவனைக் காதைப் பிடித்து இறக்கிவிட்டு, அடுத்த ஏட்டையும் அதற்கடுத்ததையும் தானே பார்த்தார். வயிறு உப்பிய மாடு. அசைபோடாத மாடு. கன்றுக்குப் பால் விடாத பசு. கடைசி வரை மாட்டு வைத்தியம்தான். எந்த ஏட்டிலும் யானை இல்லை. ராசா இல்லை.

சுவடி தன் கயிற்றைத் தானே இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டது. ஒரு வாரம் யாருக்கும் அவிழ்க்கவில்லை.

அண்ணாச்சி அரசல்புரசலாகக் கேள்விப்பட்டுப் பள்ளிக்கு வந்தார்.

"பிள்ளைக என்னமோ சொல்லுதுக. நான் நம்பல, ஆண்டு விழாவுல நானே கேட்டுக்கிடுதேன். அப்படி ஒருவேளை எங்க புராணம் அதுல இல்லன்னா, அதுக்கு என்னத்துக்குப் படிப்பு? திருப்பி பீரோவுலயே வச்சிருவேன். பாச்சை உருண்டையோட கிடக்கட்டும்."

சுவடி துணிக்குள் அசையாமல் இருந்தது. பீரோவுக்குள் பேச்சுக் குரலே கேட்காது என்றும், அங்கே யாரும் என்ன கொழம்பு என்று சொல்லமாட்டார்கள் என்றும் அதற்குத் தெரியும்.

ஆபிரகாம்தான் வழி சொன்னான். சிரித்ததற்கு அவனுக்கு மனசு கேட்கவில்லை. "நாங்க யானைக் கதை ஒண்ணு கட்டித் தாரோம். நீ மனப்பாடம் பண்ணி அப்படியே ஒப்பிச்சிரு. அண்ணாச்சிக்கு என்ன தெரியப்போவுது?" மூன்றே நாளில் கதை தயாரானது. யானைக்கு நெற்றிப்பட்டம் எல்லாம் போட்டிருந்தார்கள். சுவடி பிசகில்லாமல் மனப்பாடம் செய்தது.

ஜெபக்கனி டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு விழா மேடையில் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். வாசித்ததைக் கேட்டு அந்தப் பிள்ளையின் காப்பாளர் புரிந்தது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் ஏழாம் வகுப்பு. இதுதான் பள்ளியின் விதி. ஒப்பித்தால் அது வாசிப்பு ஆகாது. ஆனால் வித்தியாசம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வாசித்தால் பீரோ. ஒப்பித்தால் ஏழாம் வகுப்பு. அவர் சுவடியைத் தூக்கித் தன் மேசைமேல் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உனக்கு வாசிக்கத் தெரியும். அது எனக்குத் தெரியும். அம்புட்டுத்தான்" என்றார்.

ஆண்டு விழா மாசி மாதம், சாயங்காலம் நாலு மணிக்கு. பந்தல் முழுக்கக் கூட்டம். அண்ணாச்சி சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். சுடலைவடிவின் அய்யா, மறுநாள் சந்தைக்குப் போக வேண்டிய மாடுகளை வேறு எங்கும் விட இடமில்லாமல் பள்ளி மதிலோரம் நிறுத்திவிட்டு, பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

சுவடியின் முறை வந்தது. சுடலைவடிவு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். வெறுமே பெயருக்குத்தான் விரலை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"வெண்சாமரம் வீச, பட்டத்து யானை மேல்..." என்று சுவடி தொடங்கியது. முன்வரிசை நிமிர்ந்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் சுடலைவடிவின் விரல் சும்மா இருக்கவில்லை. ஆறு மாதப் பழக்கம். எழுத்தின் மேல் வைத்தால் அது தன்னால் போகும். யானை என்று சுவடி சொன்னபோது விரல் ஓமம் என்ற சொல்லின் மேல் போய்க்கொண்டிருந்தது. சுவடி நின்றது. மறுபடி யானை என்று தொடங்கியது. மறுபடி நின்றது.

"ஏ வடிவு" என்றது தணிந்த குரலில், "மொதல்லேருந்து ஓட்டு."

அவள் விரலை எடுத்து ஏட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.

"அசைபோடாத மாட்டுக்கு, ஓமமும் இந்துப்பும் இடித்து, வெல்லத்தில் உருட்டிக் கொடு. கொடுக்கும் முன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார். நாக்கு வெளுத்திருந்தால் சுக்கும் சேர். முதுகைத் தடவிக்கொண்டே கொடு. கோபமாகக் கொடுத்தால் மருந்து இறங்காது."

தட்டுத்தடுமாறாமல் கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டு நிறுத்தியது.

"புரிந்ததா?" என்று விதிப்படி தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

முன்வரிசையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் இதுக்குக் காப்பாளன் இல்ல. எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் நடந்தார்.

"காப்பாளர் வேறு யாராவது?" என்றார் தலைமையாசிரியர்.

மதிலோரம் நின்ற மாடுகள் எல்லாம் நாக்கை நீட்டியிருந்தன. அவற்றில் செவலைப் பசு ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே யாரையும் இடிக்காமல் நடந்து வந்து, மேடைக்குக் கீழே நின்றது.

"புரிஞ்சுது. எனக்குச் சுக்கும் சேக்கணும்" என்றது.

தலைமையாசிரியர் தேர்ச்சி என்று அறிவித்தார். மேசையில் மை வைத்த பெட்டி இருந்தது. செவலை வலது முன்னங்காலின் குளம்பை அதில் ஒற்றி, சேர்க்கைப் பதிவேட்டில் அண்ணாச்சியின் கையெழுத்துக்குக் கீழே பதித்தது. சந்தைக்கு இனி அதைக் கொண்டுபோக முடியாது என்று சுடலைவடிவின் அய்யாவுக்குப் புரிந்தது. பிள்ளையின் காப்பாளரை யாரும் விற்கமாட்டார்கள். அவர் மற்ற மாடுகளை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார்.

ஏழாம் வகுப்பிலும் சுவடியும் சுடலைவடிவும் ஒரே பெஞ்ச், ஜெபக்கனி டீச்சரே வகுப்பாசிரியை. இப்போது ஆபிரகாம் ஏல என்றால் அதுவும் என்னல என்கிறது. முதல் பருவத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தபோது செவலை சொன்ன நேரத்துக்கு வந்து, வாசலில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தது.

"தமிழ் நல்லா வருது" என்றார் ஜெபக்கனி டீச்சர். "கணக்குலதான் கொஞ்சம் மந்தம். பின்னம் சுத்தமா ஏறல."

செவலை கொஞ்ச நேரம் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"பின்னம் நான் வீட்டுல சொல்லிக்குடுத்துக்கிடுதேன் டீச்சர்" என்றது. "அல்ஜீப்ராவுக்கு மட்டும் டியூசன் வச்சிரலாம்."

டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார்.