அகில் பார்த்த ஊர்கள்

அறிவுச்செல்வி காவிரிப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போவதே எப்போதாவதுதான். அதுவும் துணி எடுக்க, இல்லாவிட்டால் பல் பிடுங்க. ஆனால் பாங்காக்கில் எந்தச் சந்தில் காபி நன்றாக இருக்கும், வியட்நாமில் மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்கலாம், லேப்டாப்பை மடியில் வைத்து எழுத எந்தக் கடற்கரையில் நிழல் தோதாக விழும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதினாள் என்பது வேறு விஷயம்.

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் ஓயாத தெரு அது. கணவன் செங்கோடன் ரிக் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போர்வெல் போடப் போய்விடுவான். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்து தலையைக் காட்டுவான். தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள், மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். அப்புறம் வீட்டிலிருந்தே எழுதும் வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து முருகானந்தத்துக்குப் போன் செய்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவனுக்கு ஆபீஸ். ஒரு இணையப் பக்கம் நடத்தினான். அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆளென்றால் எழுத்தில் மட்டும் இருக்கிற ஆள். பெயர் அகில். சென்னையில் ஐ.டி. வேலையை உதறிவிட்டு நாடு நாடாகச் சுற்றுகிறான். போகிற இடத்திலிருந்தே ஆன்லைனில் எழுதிச் சம்பாதிக்கிறான். அகில் சொல்வதுபோல் அறிவுச்செல்வி எழுதவேண்டும். போட்டோவை முருகானந்தம் போட்டுக்கொள்வான்.

"பொய்யில்லீங்களா இது?" என்று ஆரம்பத்தில் கேட்டாள்.

"கதைங்க மேடம். கதை எழுதறவங்க எல்லாம் பொய்க்காரங்களா?"

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. மாசாமாசம் சம்பளம் வந்து விழுந்ததும் இன்னும் பிடித்துப்போனது.

உள்ளதைச் சொன்னால், அகிலையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் தண்ணீர் வருகிற நாளில் குடத்தோடு ஓடவேண்டியதில்லை. எவர் வீட்டு வளைகாப்புக்கு ஏன் வரவில்லை என்று அவனை யாரும் கேட்பதில்லை. யூடியூபில் யாரோ எடுத்த ஊர்களைப் பார்த்துப் பார்த்து, அவள் அவனை அந்தத் தெருக்களில் நடக்க விட்டாள். படித்தவர்கள் நம்பினார்கள். கொஞ்ச நாளில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் முருகானந்தம் ஒரு போன் நம்பரைச் சேர்க்க ஆரம்பித்தான். வெளிநாட்டில் தமிழில் எழுத ஆட்கள் தேவை, டிக்கெட் செலவு எங்களுடையது என்று அதன் பக்கத்தில் ஒரு வரி. அதை அவள் பார்த்தாள்; கிளம்பிவிட்டதாகக் கீழே சில பிள்ளைகள் எழுதியிருந்ததையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டாள். விளம்பரம் போடாமல் எவன் பக்கம் நடத்துகிறான் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக் குருமூர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு நூல் குடோனில் மூட்டைக்குச் சீட்டுப் போடுகிறவன். அப்பா இல்லை, அம்மா பாவாயி தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் காப்பாற்றிய ஒரே பிள்ளை.

"அக்கா, அகில்னு ஒருத்தர் எழுதறாரு, படிச்சிருக்கீங்களா? கேளுங்க இத." நின்றபடியே வாசித்தான். "என் முதலாளியை நான் பார்த்ததே இல்லை. காலையில் கண் விழித்தால் கடல்தான் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறது."

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே யோசித்த வரி அது. அறிவுச்செல்வி அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எல்லாம் நெசமாவா இருக்கும் குரு? எவனோ ஊட்டுல உக்காந்துக்கிட்டுக்கூட எழுதலாம்."

"ஊட்டுல உக்காந்துக்கிட்டு இப்படி எழுத முடியுங்களாக்கா? படிச்சாலே தெரியுது, அனுபவிச்சு எழுதறாரு."

இந்த இடத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. எழுதுகிறவர்களின் புத்தி அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் நெருப்பைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய் என்று ஒருவர் சொன்னால் நின்று கேட்பார்கள். ஆனால் அடுத்து அவன் சொன்னதில் அந்தச் சந்தோஷம் அணைந்தது. அந்த நம்பருக்குப் பேசிவிட்டானாம். பாஸ்போர்ட் வந்துவிட்டதாம். அம்மா மட்டும்தான் இன்னும் சரி சொல்லவில்லையாம்.

அவன் போனதும் முருகானந்தத்துக்குப் போன் போட்டாள்.

"எங்க தெருப் பையனுங்க. அவனை மட்டும் விட்டுருங்க."

"நல்ல வேலைதானுங்களே மேடம்?"

"இதுவரைக்கும் போனவங்க யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?"

அவன் தன்மையாகவே சொன்னான். "மேடம், அகில் யாருன்னு உங்க தெருவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் சிரமம். பாத்துக்குங்க."

எதிர்வீட்டுக்கு நடக்கப் பத்தடிகூட ஆகாது. போய்ச் சொல்லியிருக்கலாம். பாவாயிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் செங்கோடனுக்குத் தெரியும். அப்புறம் ஏற்கெனவே போன பிள்ளைகளின் வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். இப்படி ஒவ்வொன்றாக நினைத்து, அவள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். பயந்தாள், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டியதில்லை.

வியாழக்கிழமை பாவாயியே வந்தாள்.

"நாளைக்கு ஆத்தாகிட்டப் பூக் கேக்கலாம்னு இருக்கேஞ் சாமி. பொட்டணம் நீ மடிச்சுக் குடு. கேக்கறவ மடிக்கக் கூடாது."

அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு; வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு.

கடவுளே வழி காட்டிவிட்டதாக அறிவுச்செல்வி நினைத்தாள். வாயைத் திறக்காமல், யாரையும் காட்டிக்கொடுக்காமல், தன்னையும் காட்டிக்கொடுக்காமல் அவனை நிறுத்திவிடலாம். மறுநாள் காலை வாழையிலையைக் கிழித்து, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து மடித்தாள். அம்மனை ஏமாற்றுகிறோம் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு பிள்ளைக்காகத்தானே என்ற தைரியம் ஒரு பக்கம். வாழை நாரில் முடிச்சுப் போட்டபோது தைரியம்தான் ஜெயித்தது.

ஆற்றோரத்து அம்மன் கோயிலில் அன்று கூட்டமில்லை. பாவாயி ஈரச்சேலையோடு கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. குருமூர்த்தி கைகட்டி ஒரு ஓரமாக நின்றான். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

பாவாயி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். அறிவுச்செல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க பெரீம்மா. ஆத்தா வேண்டாம்னா வேண்டாந்தான்."

"வேண்டாம்னு எங்க சொன்னா? குடுத்துட்டா சாமி." பாவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங் கல்யாணத்துக்கு வெள்ளைப் பூத்தான் வந்துச்சு. மூணு வருசங்கூட அந்த மனுசன் இருக்கல. அன்னைல இருந்து நான் வெள்ளை கேக்கறதே இல்ல. சிவப்பு வந்தா அனுப்பறேன்னு மனசுக்குள்ளயே ஆத்தாகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

குருமூர்த்தி சிரித்துக்கொண்டே அம்மாவின் நெற்றியில் திருநீறு வைத்தான்.

இன்னொரு பொட்டலம் தட்டிலேயே கிடந்தது. பிரித்துக் காட்டினால் போதும், அதிலும் சிவப்பு என்று தெரிந்து கேட்டதே செல்லாமல் போகும். ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு அவளைக் கோயிலுக்குள்ளேயே சேர்க்காமல் போகலாம், காறித் துப்பலாம். ஆனால் குருமூர்த்தி போகமாட்டான். அறிவுச்செல்வி கையை நீட்டிப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி, "ஆத்துல உட்ருங்க அம்மிணி" என்றார். படித்துறையில் இறங்கி, சொன்னபடி விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் குருமூர்த்தி கிளம்பினான். புதுச் சட்டை, புதுப் பெட்டி. "போயிட்டு வாரேங்க்கா" என்று வாசலில் நின்று சொன்னான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

முதலில் போட்டோக்கள் வந்தன. விமான ஜன்னல், நூடுல்ஸ் கிண்ணம், உயரமான கட்டடங்கள். பாவாயி தார் சுற்றுகிற இடத்தில் எல்லோருக்கும் காட்டினாள். அப்புறம் போட்டோ நின்றது. பேச்சும் நின்றது. சிக்னல் கிடைக்காத ஊராக இருக்கும் என்று பாவாயியே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் முருகானந்தம் பேசினான். "இனிமே நீங்க எழுத வேண்டாம் மேடம். அங்கயே ஆள் சிக்கிருச்சு."

விட்டது தொல்லை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அகில் எழுதியிருந்தான். ஊர் அழகாக இருக்கிறது, சாப்பாடு அருமை, முதலாளி நல்லவர் என்று பள்ளிக்கூடத்துப் பையன் லீவு லெட்டர் எழுதுவதுபோல் இருந்தது. நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி: இங்கே பச்சைப்புளி ரசம் கிடைக்காது. பாவாயி வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் அதுதான்; யார் எழுதியது என்று கேட்கவேண்டியதில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கீழே கமெண்டில் ஒருத்தர்கூட வேலையைப் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை.

மறுவாரம் காலையில் பாவாயி வந்து கதவைத் தட்டினாள். தலை வாரவில்லை. கையில் போன்.

"குரு பேசினாஞ் சாமி. அழுவறான். பாங்காக்குல எறக்கி, கார்ல ஏத்தி, ஆத்தத் தாண்டி வேற எங்கியோ கொண்டுபோய் அடைச்சு வெச்சிருக்காங்களாம். சுத்தியும் கம்பி வேலியாம். ஆளுங்களக் கூப்பிட்டு எழுதோணுமாம். யாரும் வரலைன்னா வெயில்ல முட்டி போட வெச்சு, கரண்டு குடுக்கறாங்களாம். எம் புள்ளைக்கு விரலு வேல செய்யலையாம்."

"போலீசுக்குப் போலாங்க பெரீம்மா. கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கலாம்."

"குடுத்துட்டுத்தான் வாரேன். எந்த நாடுன்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல." பாவாயி தரையில் உட்கார்ந்தாள். "முன்னால அகில்னு எழுதினவங்க மாதிரியே எழுதுன்னு அடிக்கறாங்களாம். எனக்கு வரமாட்டேங்குதும்மாங்கறான். அப்படி எழுத எம் புள்ள எங்க போவான்?"

அறிவுச்செல்வியால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவளும் கீழே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அகில் என்று யாரும் இல்லை என்று சொன்னாள். இந்த அடுப்படியிலிருந்துதான் எழுதினேன் என்று சொன்னாள். முருகானந்தத்தையும் சொன்னாள், இரண்டு பொட்டலத்திலும் சிவப்பே வைத்ததையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அடி விழும் என்று காத்திருந்தாள். அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

பாவாயி கையிலிருந்த போனைத் தரையில் வைத்தாள்.

"அப்ப ஆத்தா சொல்லல," என்றாள். "நீதான் சொல்லியிருக்க."

"பெரீம்மா, வாங்க, இப்பவே அந்த முருகானந்தம் பேர்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கலாம். நானே வந்து சொல்றேன்."

"குடுக்கலாம். அது என்னைக்கு நடக்கறது, எம் புள்ள என்னைக்கு வர்றது?" பாவாயி போனை அவள் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டு பேரு வந்துட்டா அவன விட்டுர்றோம்னு சொல்லியிருக்காங்களாம். ரெண்டே பேரு. உனக்குத்தான் நல்லா எழுத வருமே. எழுதி, அவன் பேசின இந்த நம்பருக்கு அனுப்பு. எம் புள்ள எழுதினதாப் போட்டுக்குவான்."

அறிவுச்செல்வி அவளையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அந்த ரெண்டு பேருக்கும் அம்மா இருப்பாங்க பெரீம்மா."

"இருப்பாங்க," என்றாள் பாவாயி. "எழுது."

முடியாது என்று சொல்லத்தான் அறிவுச்செல்வி வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் முதல் வரி அவளுக்கு வந்துவிட்டது. நல்ல வரி, படித்தால் யாரும் பெட்டியைக் கட்டுவார்கள். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பாவாயி எழுந்து போய் லேப்டாப்பை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள்.