கேலரி காளைகளின் வரவேற்பு

எங்கள் கூடைப்பந்து அணியில் உயரமானவள் நான்தான் என்று சொன்னாலே எங்கள் நிலைமை புரிந்துவிடும். ஐந்தடி ஐந்து அங்குலம். மற்ற கல்லூரிப் பெண்கள் என் தலைக்கு மேல் கையை நீட்டி, பரணிலிருந்து சாமான் எடுப்பதுபோலப் பந்தை எடுத்துக்கொண்டு போவதை இரண்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் போத்தனூரில் ரம்ஷா என்று ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு பிளஸ் டூ பெண் இருக்கிறாள், நம் கல்லூரியில் சேர அவளுக்கும் ஆசை என்று பி.டி. சார் சசிதர் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளுடைய அம்மா ரம்லாவுக்கு ஒரே நிபந்தனைதான். மகள் ஒரே பஸ்ஸில் போய்வர வேண்டும். போத்தனூரிலிருந்து எங்கள் கல்லூரி வாசலுக்கே டவுன் பஸ் வருகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் இன்னொரு கல்லூரியும் ரம்ஷாவைக் கேட்டிருந்தது. அங்கே போக காந்திபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். முடியவே முடியாது என்று ரம்லா சொல்லிவிட்டாராம்.

இனி எதுவும் கெட்டுப்போக வழியில்லை. விதிகளை மட்டும் மதித்தால் போதும்.

விதிகள் புதியவை. முன்பெல்லாம் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பள்ளியை முடித்தால் கல்லூரிகள் கல்யாணப் பெண்ணைக் கேட்டு வருவதுபோல வரிசையாக வீட்டுக்குப் போகும். ஷூ, செல்போன், ஒரு முறை ஸ்கூட்டர்கூட. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் மண்டலப் போட்டிக் குழு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மே மாதத் தேர்வு நாளுக்கு முன்னால் ஒருவரை ஒரு நாள் மட்டும் கல்லூரிக்கு அழைத்துச் சுற்றிக் காட்டலாம். சாப்பாடு போடலாம். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. இவர் எங்களிடம் வருகிறார் என்று எங்கேயும் அறிவிக்கக் கூடாது. மீறினால் அந்தக் கல்லூரி அவரை அந்த வருடம் சேர்க்க முடியாது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். ஆனால் எங்கள் கல்லூரியில் கேலரி காளைகள் இருக்கிறார்கள்.

கேலரி காளைகள் என்பது ரசிகர் பேரவை. தலைவன் வம்சி, என் வகுப்பு. இவர்களில் ஒருவரும் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் ஆட்டத்துக்குக் கடைசி ஐந்து நிமிடம் வருவார்கள், அடுத்து ஆண்கள் ஆட்டம் இருந்தால். ஆனால் நாங்கள் ஜெயித்தால் அது கேலரியால் ஜெயித்தது. தோற்றால் பெண்கள் ஒழுங்காக ஆடவில்லை.

ரம்ஷா வருவதற்கு முதல் நாள் சார் வம்சியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வம்சி, அந்தப் புள்ளை வந்து பாத்துட்டுப் போகட்டும். யாரும் பக்கத்துல போக வேண்டாம். எதுவும் குடுக்கக் கூடாது. பேரை எங்கயும் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

"ஐயோ சார், எங்களுக்குத் தெரியாதுங்களா? ரூல்ஸ்னா ரூல்ஸ்தாங்க சார்" என்றான் வம்சி. அவன் அவ்வளவு பணிவாகப் பேசியதைக் கேட்டே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் அம்மாவையும் மகளையும் அழைத்துவர நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ரம்ஷா பஸ்ஸின் படியில் தலையைக் குனிந்து இறங்கி நிமிர்ந்தாள். நிமிர்ந்து முடிக்கவே சற்று நேரமாயிற்று. முகம் மட்டும் சின்னப் பெண்ணின் முகம்.

"அக்கா, நான் பத்தாவது படிக்கறப்ப இங்க மேட்ச் பாக்க வந்திருக்கேனுங்க. அந்த மூலைல உக்காந்திருந்தோம். கேலரி கத்தறப்ப உடம்பே சிலிர்த்துருச்சுங்க" என்றாள். கண்களில் அந்தச் சத்தம் இன்னும் இருந்தது.

"அதுக்குத்தான் இங்கயே வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா" என்றார் ரம்லா.

கல்லூரி வாசலில் திரும்பியபோது ஜமாப் மேளம் முழங்கத் தொடங்கியது. பத்துப் பேர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ரம்லா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மேளத்துக்குப் பின்னால், இரண்டு மாடி உயரத்துக்கு, ஃப்ளெக்ஸ்.

அதில் ரம்ஷா இருந்தாள். பள்ளிச் சீருடைப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எங்கள் கல்லூரி ஜெர்சியின் மேல் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் மூக்கில் புகை விடும் ஒரு காளை. 'போத்தனூர் தந்த பொக்கிஷமே! இனி எங்கள் கோட்டை உன் கோட்டை!' கீழே தபால் தலை அளவில் இருபதுக்கும் மேற்பட்ட முகங்கள், எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டவை, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். 'கேலரியின் கர்ஜனை' வம்சி. 'சத்தத்தின் சக்கரவர்த்தி' உதய். அந்த ஃப்ளெக்ஸில் பெயர் இல்லாத ஒரே ஆள் ரம்ஷாதான்.

"வம்சி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"பேர் போடலை நவ்யா. நல்லாப் பாரு. சார் பேரைத்தான் போடக் கூடாதுன்னாரு."

சொல்லிவிட்டு சால்வையைப் பிரித்தான். ரம்ஷாவின் தோள் அவனுக்கு எட்டவில்லை. "கொஞ்சம் குனி தங்கச்சி" என்றான். அவள் பயத்தில் இன்னும் விறைத்து நின்றாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அதன்மேல் ஏறி நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, அவள் கழுத்தில் சால்வையைச் சுற்றினான்.

"வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே தம்பி" என்றார் ரம்லா.

"இது குடுக்கறது இல்லைங்கம்மா, மரியாதைங்க. நம்ம ஊருக்கு வந்தவங்கள வெறுங்கையோட நிக்க வெப்பமுங்களா?"

உதய் அதற்குள் ரம்ஷாவின் பக்கத்தில் நின்று உயரம் அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் ரம்லாவிடம் வந்து, "ஏனுங்கம்மா, என்ன போட்டு வளத்தீங்க?" என்று கேட்டான். எருமைக் கன்றை விலை கேட்பவன்கூட இதைவிட நாசூக்காகக் கேட்பான்.

மைதானத்தில் அவள் கொஞ்ச நேரம் பந்து போட்டுப் பார்க்க விரும்பினாள். அன்று மாலை ஆண்கள் அரையிறுதி ஆட்டம் என்பதால் கேலரி நிறைந்துகொண்டிருந்தது. அவள் பந்தைத் தட்டினால் விசில். கூடையைப் பார்த்தால் விசில். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அதற்கும் விசில். "மிஸ் பண்ணறதுகூட அழகா பண்ணுது பாரு!" என்று ஒருவன் கத்தினான். அடுத்த மூன்றும் தவறின. பிறகு அவள் பந்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதானா என்று நான் கேட்கவில்லை.

இத்தனையையும் எதிரிக் கல்லூரிக்காரன் யாராவது ஒளிந்திருந்து படம் பிடித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அப்படி யாரும் வரவில்லை. காளைகளே ரீல் போட்டார்கள். ஜமாப், ஃப்ளெக்ஸ், சால்வை, எல்லாம் வரிசையாக. பார்க்க வேண்டிய ஒருவரும் தவறவிடக் கூடாது என்று மண்டலப் போட்டிக் குழுவின் பக்கத்தையும் டேக் செய்திருந்தார்கள்.

சாருக்குப் போன் வந்தபோது நாங்கள் மூவரும் அவர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சார் எழுந்து நின்று பேசினார். பேசி முடித்தும் உட்காரவில்லை.

"விதியை மீறியாச்சுன்னு சொல்றாங்கம்மா. ரம்ஷாவை இந்த வருசம் நாங்க எடுக்க முடியாது" என்றார் ரம்லாவிடம். "ஒரே ஒரு வழி இருக்கு. காலேஜுக்குத் தெரியாம பசங்களா செஞ்சதுன்னா, செஞ்சவங்க இன்னிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அவங்க இந்த சீசன் பூரா கேலரிக்கு வரக் கூடாது. அவ்வளவுதான். காலேஜை எச்சரிச்சு விட்டுருவாங்க."

ரம்ஷா முதன்முறையாகச் சிரித்தாள். அவ்வளவுதானா என்ற சிரிப்பு. இத்தனை பேர் அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியதை அவள் சற்றுமுன்தான் கேட்டிருந்தாள்.

நான் போய் வம்சியையும் நான்கைந்து பேரையும் கூட்டிவந்தேன். சார் விஷயத்தைச் சொன்னார். சத்தத்தின் சக்கரவர்த்தி தரையைப் பார்த்தான்.

"ஃப்ளெக்ஸை யார் வச்சதுன்னே தெரியலைங்க சார்" என்றான் வம்சி.

"உன் மூஞ்சி இருக்கேடா அதுல."

"கடைக்காரன் பழைய ஃப்ளெக்ஸ்ல இருந்து எடுத்துப் போட்டிருப்பானுங்க."

"கூலிங் கிளாஸ் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதாங்க சார் இருப்போம்" என்றான் உதய். "அது நான்தான்னு எப்பிடிங்க சொல்றது?"

"கீழ உன் பேர் இருக்குடா!"

உதய் இதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வம்சி அவனைத் தடுத்துவிட்டு ரம்ஷா பக்கம் திரும்பினான். குரல் தழுதழுத்தது. இதில்தான் அவன் கெட்டிக்காரன்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. உனக்காக உயிரையே குடுப்போம்."

"உயிரெல்லாம் யாரு கேட்டா? கையெழுத்துப் போடு" என்றேன்.

"இந்த சீசன் ஃபைனல் நம்ம கிரவுண்டுல நவ்யா. நான் இல்லாம கேலரி எப்பிடி? நீ உள்ள நின்னு ஆடறவ. உனக்குக் கேலரியோட அருமை தெரியாது."

"ஒருத்தன் போட்டாக்கூடப் போதும்டா" என்றார் சார். அவர் கெஞ்சியதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே அரையிறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள். ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒருவனுக்குப் போன் வந்தது, அல்லது வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினான். கடைசியாகப் போன வம்சி வாசலில் நின்று ஆறுதல் சொன்னான்.

"அடுத்த வருசம் வா தங்கச்சி. இதைவிடப் பெரிய ஃப்ளெக்ஸா வச்சுப்போடலாம்."

ரம்ஷா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாராவது திரும்பி வருவார்கள் என்று அவள் இன்னும் எதிர்பார்த்தாள்.

ரம்லா சால்வையை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். "சாருங்க, அந்த இன்னொரு காலேஜ் கோச்சம்மா நெம்பர் இருக்குதுங்களா?"

"அங்க ரெண்டு பஸ் பிடிக்கணுமேம்மா" என்றார் சார் மெதுவாக.

"போடுங்க."

சார் ஸ்பீக்கரில் போட்டார். கோச் ரங்கம்மாளின் குரல் வந்தது. ரீலை அவரும் பார்த்திருந்தார். நல்ல பயிற்சி தருவதாகவும், கட்டணம் கிடையாது என்றும், விதிக்குள் நின்று சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னார். ரம்லா பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க, உங்க காலேஜ்ல ரசிகருங்க இருக்காங்களா?"

"பொய் சொல்லக் கூடாதுங்க. எங்க புள்ளைக மேட்ச்சுக்கு யாருமே வர்றதில்லைங்க. நானும் ஸ்கோர் போடறவருந்தான்."

"அப்ப நாளைக்கே வாரோமுங்க" என்றார் ரம்லா.

"அம்மா" என்றாள் ரம்ஷா. "யாருமேயா?"

"நான் வாரேன் கண்ணு. கத்த மாட்டேன்."

வெளியே கேலரி அதிர்ந்தது. யாரோ கூடை போட்டிருக்க வேண்டும். ரம்ஷாவின் தலை தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பியது. பிறகு குனிந்து, பந்து போட மாட்டியிருந்த ஷூவின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.