எடை பார்த்த நாள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டொராண்டோவை அடுத்த பிக்கரிங்கில் வேதவல்லியின் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் சென்னையில் புள்ளியியல் படித்து, 1973இல் டொராண்டோவுக்கு வேலைக்கு வந்தவர். ரசம் சாதம் முடிந்து மோர் ஊற்றும்போது, "நீங்க எழுதறவர்தானே, ஒண்ணு சொல்றேன். எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா எழுதிடாதீங்க" என்றார்.

ஒப்புக்கொண்டேன். நான்கு முறை தொடங்கினேன். நான்கிலும் அவர் நல்லவராகவே வந்து நின்றார்.

முதல் தொடக்கம் இது: "1975ஆம் ஆண்டு மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக்கொண்டிருந்த ஒரு காலையில், நேர்மையான இளம்பெண் ஒருத்தி டிராம் வண்டிக்காக—"

அடித்துவிட்டேன். பனி எல்லார் கதையிலும் உருகுகிறது. 'நேர்மையான' என்று முதல் வரியில் போட்டுவிட்டால், கடைசி வரைக்கும் அதைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழும்.

2

விஷயம் கொஞ்சம் வறண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் தபால் சேவை, பெரிய நிறுவனங்களோடு தனியாகப் பேசி ஒப்பந்தம் போடுகிறது. நிறைய பார்சல் அனுப்புகிறவர்களுக்குப் பொதுக் கட்டணத்தைவிடக் குறைந்த கட்டணம். அப்படிப் போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன் ஒரு குழு அதை ஆராய வேண்டும். ஆகும் செலவுக்குக் கீழே விலை போயிருந்தால், அந்தச் சுமை சாதாரணமாகக் கடிதம் போடுகிறவர்கள் மேல் விழும் அல்லவா? (இந்தக் குழுவை நீங்கள் ஆவணங்களில் தேட வேண்டாம். அதன் அமைப்பையும் விதிகளையும் கதைக்காக நானே கட்டியிருக்கிறேன்.)

வேதவல்லி அந்தக் குழுவின் ஆய்வாளர். இருபத்தொன்பது வயது. அந்த அலுவலகத்தில் புடவை கட்டி வந்த ஒரே ஆள். 1975இல் அவர் மேசைக்கு வந்தது, தபால்வழி விற்பனை செய்யும் ஒரு கம்பெனியின் ஒப்பந்தம். கட்டணம் முழுக்க ஒரே எண்ணின் மேல் நின்றது: ஒரு மூட்டையின் சராசரி எடை. தபால் சேவையின் ஆட்கள் ஒருநாள் கம்பெனியின் கிடங்குக்குப் போய் நிறுத்துப் பார்த்து அந்த எண்ணை எழுதியிருந்தார்கள்.

எண் சுத்தமாக இருந்தது. "ரொம்ப சுத்தமா இருந்தது" என்றார் வேதவல்லி.

3

டொராண்டோவின் பார்க்டேல் பகுதியில் அவர் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில் துணி துவைக்கும் அறை. அங்கேதான் ஏகாம்பரம் அறிமுகம். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு நிறுக்கும் பகுதியில் கிளார்க்காக இருந்தவர். மனைவியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில். வேதவல்லி அவரை 'சார்' என்று கூப்பிட்டார். கிடங்கில் மூட்டை தூக்குகிற தன்னை சார் என்று கூப்பிட இந்த ஊரில் ஒருவர் இருக்கிறாரே என்று அவர் சிரிப்பாராம்.

(ஏகாம்பரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பொருத்தமான ஆள் கதையில் வரலாமா? அவர் வேலை செய்தது அதே கம்பெனியின் கிடங்கில். நானாக எழுதியிருந்தால் வேறு வேலை கொடுத்திருப்பேன். நடந்தது இப்படித்தான் என்கிறார் வேதவல்லி.)

ஒரு சனிக்கிழமை துணி காய்வதற்காகக் காத்திருந்தபோது பேச்சு வேலையைப் பற்றிப் போயிற்று. வேதவல்லி அந்த எண்ணைச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது, ஆனாலும் சொன்னார். ஏகாம்பரம் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"அது பொய், தங்கச்சி. எடை பார்க்க வாற நாள் எங்களுக்கு முதலே தெரியும். பாரமில்லாத துணி, சப்பாத்துப் பெட்டியெல்லாம் முன்னுக்கு அடுக்குவினம். இரும்புச் சாமான் மூட்டை முழுக்கப் பின் கதவால லொறியில ஏத்தி வெளியில நிப்பாட்டிப் போடுவினம். நான்தானே ஏத்தினனான்."

பிறகு கேட்டார்: "என்ர பேர் வராதுதானே?"

"வராது சார்" என்றார் வேதவல்லி.

4

மேலே உள்ள வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. ஒப்பந்தக்காரருக்கு எதிராக எது சொல்லப்பட்டாலும், யார் சொன்னது என்பதையும் சேர்த்து அவருக்குக் காட்ட வேண்டும். பதில் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. நியாயமான விதி. "வராது என்று சொன்னபோது அந்த விதி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். முதல் வாரமே சொல்லிக் குடுத்தது."

கிடங்குத் தொழிலாளி ஒருவர் சொன்னதாக, பெயர் போடாமல், அறிக்கைக்கு ஒரு தனி இணைப்பு எழுதி எடை தவறு என்று காட்டினார் வேதவல்லி. தலைமை ஆய்வாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். கெட்ட மனிதரில்லை. பெயரில்லாத சாட்சி வெறும் வதந்தி என்றார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் பெயரைச் சேர்க்கலாம், இல்லாவிட்டால் இணைப்பைத் திரும்பப் பெறலாம். அதற்காக யாரும் கோபிக்கப் போவதில்லை.

இங்கே நான் எழுதிவைத்திருந்த காட்சி: வியாழன் மாலை வேதவல்லி ஏகாம்பரத்தின் கதவைத் தட்டுகிறார். உள்ளே தேநீர். நிலைமையைச் சொல்கிறார். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "போடுங்கோ தங்கச்சி, உண்மைதானே" என்று—

இல்லை. அப்படி நடக்கவில்லை. வியாழன் மாலை இருவரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். அவர் கையில் அரிசிப் பை. குளிர் இன்னும் விடவில்லை என்று வேதவல்லி சொன்னார். ஓம், விடேல்லை என்றார் அவர். மூன்றாவது மாடியில் இறங்கிக்கொண்டார். மறுநாள் வேதவல்லி பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்தார்.

ஏன் என்று கேட்டேன். உண்மைக்காக என்று சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"ஜெயிக்கணும்னு இருந்தது" என்றார். "நானா கண்டுபிடிச்ச முதல் விஷயம் அது."

5

இதன் பிறகு எல்லாம் சீக்கிரமே நடந்தது. இணைப்பின் நகல் கம்பெனிக்குப் போனது. இரண்டு வாரத்தில் ஏகாம்பரத்துக்கு வேலை இல்லை என்றார்கள். அவருடைய வேலை அனுமதி அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. வேறு இடம் கேட்டு அலைந்தார். கிடைக்கவில்லை. அனுமதி முடிந்தது, நாட்டைவிட்டுப் போகச் சொல்லித் தாள் வந்தது.

போகும் வாரத்தில் வேதவல்லியின் வீட்டுக்கு வந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தாராம் வேதவல்லி. கத்தினால் நன்றாக இருக்கும் என்றும். அவரோ அந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்றார். நின்றபடியே முழுக்க வாசித்தார்.

"பின் கதவில மூண்டு லொறி எண்டு போட்டிருக்கிறியள். நாலு."

அவர் சொன்னது அவ்வளவுதான். அந்தத் திருத்தத்தை வேதவல்லி மறுநாளே எழுதிக் கொடுத்தார். காலம் கடந்துவிட்டது, சேர்க்க முடியாது என்று திரும்பி வந்தது.

அக்டோபரில் குழு முடிவு சொன்னது. எடையைப் பற்றிய ஆட்சேபம் ஒரே ஒரு தொழிலாளியின் வாய்மொழி. அவர் இப்போது நாட்டில் இல்லாததால் விசாரிக்க வழியில்லை. எனவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள் ஒப்புதல்.

6

1977 ஜனவரியில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை கிடைக்கவில்லை, மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தீர்ப்பு வந்ததோ என்று அறிய ஆவல். வேதவல்லி பதில் போடவில்லை. ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்படுவதாக இங்கத்துப் பத்திரிகையில் ஒரு சிறிய செய்தி வந்தது. அன்றைக்கு உட்கார்ந்து எழுதினார். நவம்பரில் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. விலாசத்தில் ஆள் இல்லை என்று முத்திரை.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் ஏகாம்பரம் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோகிறார். இன்னொன்றில் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிப் பிழைத்துக்கொள்கிறார். மூன்றாவதில் இருபது வருடம் கழித்து டொராண்டோவின் வெக்ஸ்போர்டில் ஒரு தமிழ்க் கடையில், முருங்கைக்காய் பொறுக்குகிறவராக, வேதவல்லியின் எதிரில் வந்து நிற்கிறார். எட்டுப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த நகரத்துக்கு அத்தனை பேர் வந்தார்களே, யாரிடமாவது விசாரித்தீர்களா என்று கேட்டேன்.

"ஒருத்தர்கிட்ட கேட்டா போதும், தெரிஞ்சிடும். அதனாலதான் கேக்கலை."

திரும்பி வந்த கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாரா என்றும் கேட்டேன். வேதவல்லி தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவர் அதைக் கேக்கலையே. தீர்ப்பு என்னன்னு கேட்டிருந்தார். அதைத்தான் எழுதினேன். ஒப்புதல் குடுத்துட்டாங்கன்னு."

இதைப் படிக்கிறவர்களில் யாருக்கோ அந்த மனிதரைத் தெரிந்திருக்கலாம். அவர் உங்கள் சித்தப்பாவாக, பக்கத்து வீட்டுக்காரராக, வீட்டில் பேசாமல் விட்டுவிட்ட ஒரு பெயராக இருக்கலாம். அவருக்கு என்ன ஆயிற்று என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய பெயர் ஏகாம்பரம் அல்ல. அதை நான் மாற்றிவிட்டேன், உண்மைப் பெயரை யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆகவே முடிவு உங்களிடமே இருந்தாலும், அது இந்தக் கதையின் முடிவுதான் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.