மச்சான் வீட்டில் இருந்த மடி

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் அவனவன் முகத்தோடேயே திரிகிறான். எதிராளி என்ன நினைப்பான் என்று யோசிக்க ஒருத்தனுக்கும் பொறுமையில்லை. வாலிநோக்கத்து லத்தீபா அப்படி இல்லை. ஒரு ஆளைப் பற்றி அவள் ஊன்றி யோசித்தால் அந்த ஆளின் முகமே அவளுக்கு வந்துவிடும். முதுகுளத்தூர் மிளகாய் வியாபாரியிடம் பேரம் பேசுமுன் அவன் முகம் மீசையோடு வரும். அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று தெரிந்ததும் போய்விடும். ஊர் அதைத் தும்மல் மாதிரி எடுத்துக்கொண்டது.

ஐம்பத்து மூன்றாம் வருசம் அவள் புருசன் நெய்னா முகம்மதுக்கும் அவள் அண்ணன் வாவு முகம்மதுக்கும், கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் தகராறு. மீன் ஒதுங்கும் கரையில் ஒரு வலைக்குத்தான் இடம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஜமாஅத் முறை வைத்தது. மற்றவன் முந்திவிடுவான் என்று பயந்து இருவரும் ஒரே விடியலில் வலை விட்டார்கள். வலைகள் பின்னிக் கிழிந்தன, மீன் தப்பியது. மறுவாரமும் அதே கூத்து.

“என் தங்கச்சிய கூட்டிட்டுப் போயிருவேன்” என்றான் வாவு.

“போனா இந்தப் படி திரும்ப ஏறக் கூடாது” என்றான் நெய்னா.

லத்தீபா அடுப்படியில் உட்கார்ந்தாள். அண்ணன் முகம் தாடியோடு வந்தது, புருசன் முகம் வந்தது, மாறி மாறி வந்ததில் சோறு தீய்ந்தது. கடைசியில் சொந்த முகத்தோடு எந்திரித்து வந்தாள்.

“ரெண்டு பேரும் கெட்டவுக இல்ல, பயந்தவுக. ஒங்க வலை மடி வாவு காக்கா வீட்ல இருக்கட்டும், அவுக மடி இங்கன இருக்கட்டும். முறை வாரப்ப போயி வாங்கிக்கிருங்க.”

மடி என்பது வலையின் கடைசியில் மீன் விழும் பை. அது இல்லாமல் இழுத்தால் தண்ணீர்தான் வரும். வேறு வழி தெரியாமல் இருவரும் மாற்றிக்கொண்டார்கள்.

நெய்னாவின் முறை வந்த காலையில் சாளை மீன் கூட்டத்தால் கடல் கறுத்துக் கிடந்தது. அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அந்தப் பய மடியக் குடுக்க மாட்டான்டி.”

லத்தீபா திரும்பினாள். முகமும் குரலும் வாவுடையவை.

“ஏன் குடுக்காம? இன்னைக்கு ஒம்ம மடிய அமுக்கிட்டு, நாளைக்கு என் மடிக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒம்ம வாசல்ல நிப்பேன் மச்சான்?”

நெய்னா ஓடினான். அசல் வாவு மடியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கே வந்து நின்றான்.

“இம்புட்டு நேரமா? மீனு ஒமக்காக நிக்குமா?”

அதற்கப்புறம் வலை கிழியவில்லை. உப்பூரிலிருந்துகூட வரப்புத் தகராறோடு அவளைத் தேடி வந்தார்கள். சில நாள் முகம் போகத் தாமதமாகும். மச்சான் முகம் பரிமாற, நெய்னா சோற்றில் இன்னும் கொஞ்சம் மீன் ஆணம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான்.

இரண்டு வலையிலும் கயிறு இழுத்தவன் நான். அறுபதாம் வருசம் ஒருநாள் மச்சான்கள் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு, “ஏலே, வந்து உக்காரு” என்றார்கள். பொம்பளைக்குத் தாடி வந்ததை என் கண்ணால் பார்த்தவன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த ஒற்றைப் பீடியைத்தான் நம்ப முடியவில்லை.

“நாளைக்கும் இப்பிடியே இருங்க, பாப்பம்” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.